சுடாமல் போன முதல் தாள்

போன வாரம் அரக்கோணத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஆயுதக் கிடங்கில் நான் கடைசியாக உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவர்கள். புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறதாம். துப்பாக்கியை அதில் பூட்டிவிட்டால் போதும், மனிதன் தோளே வேண்டியதில்லையாம். "நீங்கள்லாம் மணல் மூட்ட மேல வெச்சா சார் சுட்டீங்க?" என்று ஒருவன் கேட்டான். கேட்ட விதத்தில் நான் என்னவோ கவண்கல் எறிந்து சம்பளம் வாங்கியவன் என்று தோன்றியது.

"ஆங், மூட்ட மேலதான். அது இருக்கட்டும். புகாரோட வர்ற துப்பாக்கிய பூட்டறதுக்கு முன்னாடி தொடைக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"தொடைக்காம எப்படி சார்? எல்லாத்தையும் சுத்தம் பண்ணித்தான் பூட்டுவோம்."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. பிள்ளைகள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பாவம், அவர்கள் மேல் தவறில்லை. காரணத்தைச் சொல்லாமல் சத்தம் மட்டும் போட்டேன். காரணம் சொல்லாத கட்டளையால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்தவன் நான். நானே அப்படிச் செய்தால் எப்படி? அதனால்தான் எழுதுகிறேன். என் சிநேகிதன் தேசப்பன் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப்போகிறது. அவன் இருந்தவரை இதை எழுதியிருக்க முடியாது.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு மொட்டைப் பாறைக் குன்றின் அடியில் பட்டாளத்துக்காகத் துப்பாக்கிப் பட்டறை போட்டார்கள். சில தகரக் கொட்டகைகள், ஒரு கிணறு, குன்றைப் பார்த்து நீண்டு கிடக்கும் ஒரு சுடுதளம், அவ்வளவுதான். பழுதான துப்பாக்கிகள் வரும். சரி செய்து, சுட்டுப் பார்த்து, பட்டாளத்துக்கு அனுப்புவோம். சுடும் வேளையில் சிவப்புக் கொடி ஏறும். ஆடு மேய்க்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஆட்டை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வருகிற நாட்களில் மட்டும் கொடி ஏறாது.

நான் மணல் மூட்டை தூக்கத்தான் அங்கே சேர்ந்தேன். கண் நன்றாக இருக்கிறது, கை நடுங்கவில்லை என்று சொல்லி என்னைச் சுட்டுப் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். கற்றுக்கொண்ட கதையைச் சொன்னால் அது ராமாயணமாகிவிடும். திட்டு வாங்கினேன், தோள் வீங்கியது, வேலை வந்துவிட்டது.

சுட்டுப் பார்ப்பது என்றால் ஏதோ வீரச் செயல் என்று நினைத்துவிட வேண்டாம். நந்தியாற்று மணலைச் சலித்துக் காயவைத்துக் காடாத் துணியில் கட்டிய மூட்டைகள் மேஜைமேல் இருக்கும். துப்பாக்கியின் முன்பக்கம் ஒரு மூட்டையின் மேலும் பின்பக்கம் இன்னொன்றின் மேலும் உட்காரும். நூறு கெஜம் தள்ளி, மரச்சட்டத்தில் வெள்ளைத் தாள். அதன் நடுவில் கறுப்பு வட்டம். ஐந்து குண்டு சுட வேண்டும். ஐந்துக்கும் கன்னம் ஒரே இடத்தில் பதிய வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தவேண்டும். விசையைச் சுண்டி இழுக்கக் கூடாது, வெடிக்கிற நேரம் நமக்கே தெரியாதபடி மெல்ல அழுத்தவேண்டும். சுடுகிறவன் அங்கே இல்லாதது போல இருந்தால்தான் தாளில் விழும் ஓட்டைகள் துப்பாக்கியின் பேச்சாக இருக்கும். பிறகு தாளைக் கொண்டுவந்து ஒரு கம்பி வளையத்தை ஓட்டைகளின் மேல் வைப்போம். ஐந்தும் வளையத்துக்குள் அடங்கினால் துப்பாக்கி தேறியது. கறுப்பு வட்டத்திலேயே பட வேண்டும் என்பதில்லை. குறியைத் திருப்பிச் சரி செய்துகொள்ளலாம். ஓட்டைகள் சிதறி விழுந்தால்தான் துப்பாக்கியில் கோளாறு.

இதையெல்லாம் நடத்தியவர் பிலிக்ஸ் துரை. துரை என்றால் கப்பலில் வந்தவர் இல்லை. அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், என்ஜின் டிரைவர் மகன். ஆங்கிலோ இந்தியர்களைச் சட்டைக்காரர் என்று ஊரில் சொல்வார்கள். ஆளைப் பார்த்தால் வெள்ளைக்காரர், வாயைத் திறந்தால் அரக்கோணம் சந்தைக்கடை. தினமும் காலை பாசஞ்சரில் வந்து இறங்குவார். கொட்டகைக்குள் நுழைந்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு துப்பாக்கியைக் கையால் தொடுவதற்கு முன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். குனிந்து குழல் வாயை முகர்வார். நன்றாக இருக்கிறது என்று எந்தத் துப்பாக்கியைப் பற்றியும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "பரவாயில்ல, போவட்டும்" என்பதுதான் அவருடைய உச்சப் பாராட்டு. சுட்ட தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஓட்டைகள் வழியாக வரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். காரணம் கேட்டால் மட்டும் எரிந்து விழுவார். "சொன்னத செய்யி. ஏன்னு கேக்காத" என்பது அவருடைய மந்திரம். அந்த ஒரு குணம்தான் எனக்குப் பிடிக்காது.

அவர் வைத்திருந்த விதிகளில் பெரியது, "வந்தபடியே சுடு" என்பது. பட்டாளத்திலிருந்து புகாரோடு திரும்பி வரும் துப்பாக்கியைத் துணியால் கூடத் துடைக்கக் கூடாது. மண்ணோடு, துருவோடு, கரியோடு எப்படி வந்ததோ அப்படியே மூட்டைமேல் வைத்து ஐந்து குண்டு சுடவேண்டும். அது முதல் தாள். அதன் பிறகுதான் பிரித்து, துடைத்து, முடுக்கி மறுபடி ஐந்து. அது இரண்டாம் தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோளாறு துப்பாக்கியிலா, பிடித்தவனிடமா என்று தெரிந்துவிடும். பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்த வேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் ஒருமுறை இப்படித்தான் தப்பித்தார். துப்பாக்கி சரியில்லை என்று பொய் சொல்கிறார் என்று அவர் மேல் புகார். முதல் தாளில் ஓட்டைகள் அம்மை போட்டது போலச் சிதறி விழுந்தன. இரண்டாம் தாளில் எல்லாம் வளையத்துக்குள் அடங்கின. துப்பாக்கியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று அவரைத் திட்டினார்கள். பொய்யர் என்று யாரும் சொல்ல முடியவில்லை.

எங்கள் பட்டறையில் கட்டை வேலை பார்த்தவர் முனிரத்தினம். துப்பாக்கியின் மரப்பாகத்தைச் செதுக்குவது, வெடித்ததை ஒட்டுப்போடுவது, எண்ணெய் ஏற்றுவது எல்லாம் அவர் கைதான். எனக்கு உறவு ஒன்றும் இல்லை. கூப்பிட்டுப் பழகியதில் மாமா. கனகம்மாசத்திரம் பக்கம் வீடு. பெண்சாதி இல்லாதவர், ஒரே மகன் தேசப்பன். அவன் என்னை மச்சான் என்பான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது நானும் அவனும் சேர்ந்துதான் வரிசையில் நின்றோம். என் தட்டைப் பாதத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திருப்பி அனுப்பினார்கள், அவனை எடுத்துக்கொண்டார்கள். "ஊட்ல உக்காந்து துப்பாக்கிய பழுது பாரு மச்சான், நான் போய் சுட்டுட்டு வர்றேன்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அந்தச் சமயத்தில்தான் தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் கொஞ்சம் எங்களிடம் வந்தன. பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். இதில் அந்த வேலை இல்லை. முதல் குண்டு வெடித்த வேகத்திலேயே உள்ளே ஒரு தண்டு நகர்ந்து, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை ஏற்றிவிடும். நாம் ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்தினால் போதும். வசதி எவ்வளவோ கோளாறும் அவ்வளவு. உள்ளே கரி அடைத்தால் பாதியில் மக்கர் செய்யும். மரத்தையும் இரும்பையும் கவ்விப் பிடிக்கும் திருகு கொஞ்சம் தளர்ந்தாலும் ஒரு குண்டு வடக்கே போகும், ஒன்று தெற்கே போகும்.

அவற்றை நாங்கள்தான் சுட்டுத் தேர்ந்தெடுத்து அனுப்பினோம். குறி தவறாமல் சுடுகிறவர்களாகப் பார்த்துப் பட்டாளத்தில் கொடுத்தார்கள். தேசப்பனுக்கும் ஒன்று கிடைத்தது. அதன் கட்டையில் வெடிப்பு ஒன்று இருந்து மாமா ஆப்பு வடிவத்தில் ஒட்டுப்போட்டிருந்தார். அந்த ஒட்டைத் தடவிப் பார்த்தே, "நைனா கை" என்று தேசப்பன் கண்டுபிடித்துவிட்டானாம். ஊருக்குச் சொல்லியனுப்பியிருந்தான். மாமா அதைப் பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பர்மா காட்டில் மகன் தோளில் சாய்ந்திருக்கிற கட்டை தன் கையால் செதுக்கியது என்பதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஒரு புரட்டாசி மாதம் அந்தத் துப்பாக்கி திரும்பி வந்தது. கோணிச் சாக்கில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து வந்தது. பிலிக்ஸ் துரை சாக்கைப் பிரித்துப் பார்த்தார், குழல் வாயை முகர்ந்தார், அப்படியே வைத்துவிட்டார். குழலின் மேலெல்லாம் செம்மண் காய்ந்திருந்தது. கட்டை மழையில் ஊறிக் கறுத்திருந்தது. அப்புறம் என்னை வெளியே கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னார்.

காவலுக்கு நிறுத்திய இடத்தை விட்டுத் தேசப்பன் திரும்பி வந்துவிட்டான். சுட்டால் குண்டு வேறெங்கோ போகிறது, அடுத்த குண்டு ஏறாமல் சிக்கிக்கொள்கிறது, அதனால் ஆள் கூப்பிட வந்தேன் என்றான். அந்த இடைவெளியில் எதிரி உள்ளே வந்து இவன் கூட்டாளிகள் இரண்டு பேரைக் கொன்றுவிட்டான். பயந்து ஓடிவந்துவிட்டுத் துப்பாக்கிமேல் பழி போடுகிறான் என்பது வழக்கு. துப்பாக்கி சரியில்லை என்று தாள் சொன்னால் அவன் தப்பிப்பான். இல்லாவிட்டால் கோழை என்று பேர் வாங்கி வருஷக்கணக்கில் ஜெயில்.

"திருகு ஆடுது, நான் பாத்துட்டேன்" என்று மெல்லச் சொன்னார். "மொத தாள்லயே தெரிஞ்சிடும். விசாரண பண்ற காப்டன் வரணும், அவர் எதிர்லதான் சுடணும். ஆயுத பூசை முடிஞ்சி வர்றாராம்."

மாமாவை அவரே கூப்பிட்டார். "முனிரத்னம், உன் புள்ள துப்பாக்கி வந்துகீது. அவன் மேல ஒரு கேஸு. இத வெச்சி விசாரிக்கறாங்க. நீ இதுல வேல செய்யாத. கிட்டயும் வராத. தொடாத."

"ஏன் துரை?"

"சொன்னத செய்யி. ஏன்னு கேக்காத."

அவர் நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னார். பெற்றவன் கை அதில் பட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தார். காரணத்தைச் சொல்லாமல் விட்டதில்தான் எல்லாம் போயிற்று.

ஆயுத பூசைக்குப் பட்டறையில் எப்போதும் ஒரே ஏற்பாடுதான். முதல் நாளே வேலையை நிறுத்தி, உளி, சுத்தியல், அரம் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். ஆயுத அறைக்குக் காவல் இருந்த ஹவில்தார் பெரிய பக்திமான். அவரே அறையைத் திறந்து துப்பாக்கிகளை எடுத்துக் கொடுப்பார். அன்று யாரும் எந்தச் சாமானாலும் வேலை செய்ய மாட்டார்கள். துடைப்பதும் எண்ணெய் போடுவதும் வேலைக் கணக்கில் வராது, அது பூசையில் சேர்ந்தது. ஒரு சாமானை விட்டுவிட்டால் வருஷம் முழுக்க அது கோபித்துக்கொள்ளும் என்பார்கள். அந்த வருஷம் நான் என் பாட்டி ஊருக்குப் போயிருந்தேன். துரை அரக்கோணத்தில் இருந்தார்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை காப்டன் ஜீப்பில் வந்து இறங்கினார். இளம் வயது, அவசரக்காரர். ஹவில்தார் ஆயுத அறையைத் திறந்து துப்பாக்கியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். குழல் பளபளவென்று இருந்தது. கட்டை ஆளி விதை எண்ணெய் குடித்து மினுங்கியது. மாமா போட்டிருந்த ஒட்டின்மேல் மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன. விசைக்குப் பக்கத்தில் வாடிப்போன ஒரு துண்டு கதம்பம் தொங்கியது.

பிலிக்ஸ் துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். குனிந்து குழல் வாயை முகர்ந்தார். நிமிர்ந்தார்.

"யார் தொட்டது?"

மாமா முன்னால் வந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். "தொடல துரை. பூசைக்குத்தான் வெச்சேன். எல்லா சாமானும் சாமி எதிர்ல குந்திகினு இருக்க சொல்ல, எம்புள்ளது மட்டும் மண்ணோட கெடந்தா நல்லா இருக்குமா? அழுக்கா இருந்தா வெச்சிக்கத் தெரியாதவன்னு அவனத்தான ஏசுவாங்க?"

"திருகு?"

"ஆடிகினு இருந்திச்சி துரை, முடுக்கி வெச்சேன். ஆடற சாமான சாமி முன்னாடி வெக்கலாமா? வேற ஒண்ணும் செய்யல. சத்தியமா வேல ஒண்ணும் செய்யல."

துரை காப்டனிடம் இங்கிலீஷில் பேசினார். இது வந்தபடி இல்லை, முதல் தாள் எடுக்க வழியில்லை, இந்தச் சோதனை செல்லாது என்று சொன்னது எனக்குப் புரிந்தது. குப்பைக்கூடையில் கிடந்த துணியை ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து காட்டினார். மாமா துடைத்துப் போட்ட துணி அது. அதில் செம்மண்ணும் கரியும் அப்பிக்கிடந்தன. காப்டன் துணியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். துணியைச் சோதிக்க நான் வரவில்லை, துப்பாக்கியைச் சுடுங்கள், வேண்டுமானால் துடைத்திருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

சுட வேண்டியவன் நான். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கன்னத்தைக் கட்டையில் பதித்தேன். சந்தன வாசனை வந்தது. கொஞ்சம் விசையைச் சுண்டினால் போதும், குண்டு ஒதுங்கிவிடும். ஐந்தையும் ஐந்து பக்கம் அனுப்பிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. பட்டாளத்துக்குச் சிரித்துக்கொண்டு போன தேசப்பன் முகம் கண்முன் நின்றது. மூச்சைப் பாதியில் நிறுத்தத் தெரியவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. "ஏந்துரு கோயிந்து. நான் சுடறேன்."

"துரை, நானே..."

"உன்னால நேரா சுடவும் முடியாது. கோணலா சுட்டுட்டு தூங்கவும் முடியாது. ஏந்துரு."

அவர் உட்கார்ந்தார். கதம்பத்தை மெதுவாக எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். ஐந்து குண்டு சுட்டார். ஒரு குண்டு கூடச் சிக்கவில்லை. குழல் சூடான பிறகு சிதறுமோ என்ற கடைசி ஆசையில் வேகமாக இன்னும் பத்து சுட்டுவிட்டு, புதுத் தாளில் மறுபடி ஐந்து சுட்டார். இரண்டு தாள்களும் வந்தன. வளையத்தை எடுத்துவைக்கத் தேவையே இருக்கவில்லை. முதல் ஐந்தை ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். நாங்கள் அனுப்பியதிலேயே நல்ல துப்பாக்கி அதுதான். காப்டன் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மாமா நின்றுகொண்டிருந்தார். "தேறிச்சா கோயிந்து?" என்று கத்தினார்.

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

அவர் கோயில் மலையைப் பார்த்துத் திரும்பி, கைகளைத் தலைக்குமேல் கூப்பினார். "முருகா! எம்புள்ளைய காப்பாத்திட்டப்பா!" என்று வாய்விட்டு அழுதார். பட்டறை ஆட்கள் கூடி நின்று அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். ஒருவன் பொரி கொண்டுவந்து கொடுத்தான். நான் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

துரை எல்லோரையும் போகச் சொன்னார். மாமாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் பக்கத்தில் தரையில் குந்தினார். ஒரு தொழிலாளிக்குப் பக்கத்தில் அவர் அப்படி உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"முனிரத்னம், உம்புள்ள இன்னா சொல்லிகீறான் தெரியுமா? துப்பாக்கி சரியில்ல, அதனாலதான் வந்தேன்னு சொல்லிகீறான்."

"ஆங்."

"இப்ப அது எப்படி சுட்டுச்சி?"

"நல்லா சுட்டுச்சி துரை."

"அப்போ அவன் சொன்னது?"

மாமா துரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்து, கிணற்றடிச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளினார்.

"மறுபடியும் பூசிட்றேன் துரை. திருக லூஸ் பண்ணிட்றேன். எப்படி இருந்திச்சோ அப்டியே ஆக்கிட்றேன். இன்னொரு தபா சுடுங்க துரை. அவர கூப்புடுங்க, ஜீப்பு இன்னும் தூரம் போயிருக்காது."

"ஆவாதுப்பா," என்றார் துரை.

"ஒரே ஒரு தபா."

"ஆவாது முனிரத்னம். போனது போயிட்ச்சி." அவர் மாமாவின் கையைப் பிடித்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிச் சேற்றைக் கழுவிவிட்டார். அழுதது மாமா மட்டும் இல்லை.

துப்பாக்கி துடைத்திருந்தது என்று துரை தெளிவாகத்தான் எழுதி அனுப்பினார். தாளைப் பார்த்தவர்கள் அவர் எழுதியதைப் பார்க்கவில்லை. தேசப்பனுக்கு ஜெயில் ஆயிற்று. கோழை என்ற பேர் கனகம்மாசத்திரம் வரைக்கும் வந்து சேர்ந்தது. மாமா வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். அதற்குப் பிறகு பட்டறையில் அவர் யாரிடமும் தானாகப் பேசி நான் பார்த்ததில்லை. அடுத்த ஆயுத பூசைக்கு அவர் வரவில்லை. அவருடைய உளிகளை நான்தான் துடைத்து வைத்தேன்.

யுத்தம் முடிந்து ஜெயிலிலிருந்து விட்டதும் தேசப்பன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பட்டறைக்கு வந்தான். ஆள் பாதியாக இருந்தான். துரைக்கு எதிரில் போய் நின்றான்.

"மண்ணும் கரியுமா அனுப்பின துப்பாக்கி. எப்படிய்யா நல்லா சுடும்? எவன் தொடச்சான்?"

மாமா கையில் உளியோடு கட்டை மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தார். மகன் வந்ததைப் பார்த்து ஓடிவர அடியெடுத்தவர், கேள்வியைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். அவர் உதடு அசைந்தது. சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் பிலிக்ஸ் துரை முந்திக்கொண்டார்.

"நான்தான். நான்தான் தொடைக்கச் சொன்னேன்."

தேசப்பன் அவர் காலடியில் காறித் துப்பினான். "சட்டக்காரன் புத்திய காட்டிட்ட. உனுக்கு எங்க உசுருன்னா அவ்ளோதான். வா நைனா, இவங்கிட்ட உனுக்கு வேல வாணாம்" என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மாமா திரும்பித் திரும்பித் துரையைப் பார்த்துக்கொண்டே போனார். துரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் துரை?" என்று கேட்டேன். கேட்டதும் அவருடைய மந்திரம் நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் எரிந்து விழவில்லை.

"ஏன்னு அன்னிக்கு முனிரத்னம் கேட்டான். நான் சொல்லல. சொல்லியிருந்தா அவன் தொட்டிருக்க மாட்டான்ல? நான் இந்த ஊர வுட்டு போறவன் கோயிந்து. அவன் தெனம் அந்தப் புள்ள மூஞ்சில முழிக்கணும்."

சுதந்திரம் வந்த பிறகு அவர் குடும்பத்தோடு கப்பலேறிப் போகக் கிளம்பினார். அரக்கோணம் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். மாமாவும் மகனுக்குத் தெரியாமல் வந்திருந்தார். தணிகை மலை விபூதியை ஒரு பொட்டலத்தில் மடித்துக் கொண்டுவந்து நீட்டினார். துரை தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். மாமா அவர் நெற்றியில் பூசினார். வண்டி நகர்ந்த பிறகு, "எம்புள்ளைக்கு நான் சாவற வரைக்கும் தெரிய வாணாம் கோயிந்து. செத்தப்பறமும் வாணாம்" என்றார் மாமா. சரி என்று தலையாட்டினேன். நான்கைந்து வருஷத்தில் அவரும் போய்விட்டார்.

தேசப்பன் கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரமாக சைக்கிள் கடை வைத்தான். கல்யாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஆயிற்று. பட்டாளத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் பிலிக்ஸ் துரையைக் கெட்ட வார்த்தையில் திட்டுவான். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துரைக்காக ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் மாமா பேர் போய்விடுமே என்று விழுங்கிவிடுவேன். அப்படி விழுங்கி விழுங்கியே எனக்கும் வயசாகிவிட்டது.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் என்னைக் கூப்பிடுவான். போகாவிட்டால் ஆள் விட்டு அனுப்புவான். கடைசியாக நான் போனது அவன் சாவதற்கு முந்தைய பூசை. கண் சரியாகத் தெரியாமல் போயிருந்தது. ஆனாலும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்பானராக எடுத்து, தடவிப் பார்த்து, அழுக்குப் போகத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டிருந்தான். ஒரு காற்றடிக்கும் பம்பின் கைப்பிடி ஆடியது. அதையும் முடுக்கிவிட்டுத்தான் சந்தனம் வைத்தான்.

"ஒண்ணையும் வுட்டுடாதீங்கடா," என்று மகன்களுக்குச் சொன்னான். "எங்க நைனா ஒரு சாமானக்கூட பூசையில வுடமாட்டாரு. ஆடற சாமான சாமி முன்னாடி வெக்கவும் மாட்டாரு. அந்த மாதிரி கை இனிமே எங்கடா வரப்போவுது? இல்ல மச்சான்?"

"ஆங், தேசப்பா," என்றேன்.

அவன் பொரி கடலையை அள்ளி என் கையில் வைத்தான்.